பொறி யார் சொல் கேட்கும்?

கிண்டிக்கு அடுத்த இரயில் நிலையம் பரங்கிமலை. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆயினும், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு பெரிது என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கிண்டிப் பக்கத்திலே அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஒற்றைச் சாளர முறை வந்த பின்னர், உழவன் மகனும் நெசவாளி மகளும் தரவரிசை எண்ணைக் கையிலே வைத்துக்கொண்டு அங்கே வந்தனர், எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பாருக்கு எத்தனை இடம் மீதமிருக்கிறது என்பதைத் திரையிலே கண்டனர், தாமே தேர்ந்தெடுத்தனர். 2018 முதல் அதே வேலை இணைய வழியே நடக்கிறது. கணக்கைப் போடுவது கணிப்பொறிதான். ஆனால், அந்தக் கணக்கு ஊரறிந்த கணக்கு!

பரங்கிமலையிலே இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இருக்கிறது. சீனப் போரை அடுத்து 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 1988-இல் அகாதெமி என்று பெயர் பெற்றது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். 49 வாரம் ஓடுகிறார்கள், உருளுகிறார்கள், சுடுகிறார்கள், படிக்கிறார்கள். முடிவிலே, காலாட்படையா, பீரங்கிப் படையா, பொறியாளர் படையா, தகவல் தொடர்புப் படையா, வழங்கல் படையா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை குத்தப்படுகிறது. விருப்பத்தைக் கேட்கின்றனர், தரவரிசையைப் பார்க்கின்றனர், காலியிடத்தைப் பார்க்கின்றனர், தந்தை பணியாற்றிய படைப்பிரிவிலே பிள்ளைக்கு இடம் கோரும் மரபும் உண்டு. இவை அத்தனையும் எந்த அளவில் கலந்து அந்த முடிவு பிறக்கிறது? பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் கணக்கன்று அது.

"இராணுவத்து விவகாரம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர் நம்மிலேயே உண்டு. குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லவரம் வந்து, அங்கிருந்து பரங்கிமலைக்கு எத்தனை தூரம்? மிதிவண்டியிலேயே போய்த் திரும்பிவிடலாம். பக்கத்தில் தாம்பரத்திலே விமானப்படைத் தளம். ஆவடியிலே 1961 முதல் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை. படையின் சுவர்கள் நம் ஊர்களைச் சுற்றி எழும்பியிருக்கின்றன. சுவருக்கு உள்ளே அதிகாரியாக நடப்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லையா? உள்ளே போன பிள்ளைக்கு எந்த வேலை, ஏன் அந்த வேலை என்று கேட்கத்தான் உரிமை இல்லையா? சேக்கிழாரைத் தந்த ஊர் குன்றத்தூர். அவர் சோழன் அவையிலே முதலமைச்சராக இருந்தவர் என்பார்கள். அவரை எந்தக் கணக்குப்படி மன்னன் தேர்ந்தெடுத்தானோ, அந்தக் கணக்கு மன்னனோடு போயிற்று. மன்னராட்சிக்கு அது பொருந்தும், குடியரசுக்குப் பொருந்துமா?

முத்திரை என்று சொன்னேன். அது வெறும் தோள்பட்டைப் பட்டயம் அன்று. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலே குத்தப்படும் அந்த முத்திரை, பதினைந்து ஆண்டு கழித்து ஒருவர் கர்னல் ஆவாரா, ஆகாரா என்பதையே பாதிக்கிறது.

கார்கில் போருக்குப் பிறகு, படையணிகளை நடத்தும் தலைவர்கள் வயது கூடியவர்களாக இருக்கின்றனர் என்ற குறை எழுந்தது. அதைப் போக்க ஏ.வி.சிங் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையால் 1,484 கர்னல் பதவிகள் புதிதாக வந்தன. முதற்கட்டத்தில் 750 பதவிகளை எல்லாப் பிரிவுகளுக்கும் விகிதாசாரப்படி பகிர்ந்தனர், யாரும் முணுமுணுக்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் 734 பதவிகள். அவற்றைப் பகிர 2009-இல் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தனர். ஒரு பிரிவிலே படையணித் தலைவர் எத்தனை ஆண்டு அப்பொறுப்பில் இருந்துவிட்டு வெளியேறுகிறார் என்பதை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. காலாட்படையிலும் பீரங்கிப் படையிலும் அந்தக் காலம் குறுகியது, மற்றவற்றிலே நீண்டது. விளைவு என்ன? குறுகிய காலம் வைத்த பிரிவுக்கு நிறையப் பதவி. நீண்ட காலம் வைத்த பிரிவுக்குக் குறைந்த பதவி! ஒரே நாளிலே பயிற்சி முடித்து, ஒரே மேடையிலே உறுதிமொழி எடுத்த இருவரில், ஒருவருக்கு ஏணி, மற்றவருக்குச் சுவர்.

வழக்குத் தொடுத்தனர் அதிகாரிகள். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2015-இல் அந்தக் கொள்கையைச் செல்லாது என்றது. 2016-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை மாற்றிக் கொள்கையை ஏற்றது. ஆனால், போர்த்துணைப் பிரிவுகளுக்காக 141 கர்னல் பதவிகளைக் கூடுதலாக உருவாக்கும்படியும் ஆணையிட்டது. ஒரு கணக்கின் ஒரு வரியை மாற்றியதால் எத்தனை குடும்பங்களின் வாழ்க்கை ஆடியது, பாருங்கள்! இளைஞன் தன் விருப்பப் பட்டியலை எழுதிக் கொடுத்தபோது இந்த வரி எழுதப்படவே இல்லை. பின்னால் வேறொருவர் எழுதினார். முன்னால் தேர்ந்தெடுத்தவர் விலை கொடுத்தார்.

யார் எந்தப் படைவேலைக்கு ஏற்றவர் என்று வகுக்கும் கணக்கு புதிதன்று, தோழர்களே! வெள்ளைக்காரன் காலத்திலே அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு வினாதான் இருந்தது: "நீ எந்தச் சாதி, எந்த நாடு?" 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த பிரடெரிக் இராபர்ட்ஸ், பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தென்னாட்டான் போருக்கு உதவான், வடமேற்கிலே பிறந்தவனே வீரன் என்பது அவர் கொண்ட முடிவு. 'போர்க்குலம்' என்று ஒரு பட்டியல் எழுதினர். அதிலே நமக்கு இடமில்லை. 1758-இலிருந்து வரலாறு பேசும் சென்னைக் காலாட்படை, அணி அணியாகக் கலைக்கப்பட்டது; 1920-களின் முடிவிலே காலாட்படையில் சென்னைப் பெயரே இல்லாமற் போயிற்று. பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் மட்டும் சென்னைச் சாப்பர்களை வைத்துக்கொண்டனர். மண்வெட்டிக்கு உகந்தவன், துப்பாக்கிக்கு உகந்தவனல்லன்! இதுவும் ஒரு 'சிறப்புத்துறை ஒதுக்கீடு'தான்; கணிப்பொறி இல்லாமலே செய்த ஒதுக்கீடு. இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஆள் பஞ்சம் வந்தபோது, அதே தென்னாட்டானை மீண்டும் அழைத்தனர். காலாட்படையும் மீண்டும் பிறந்தது. பட்டியல் பொய் என்பதைப் பட்டியல் எழுதியவனே ஒப்புக்கொண்ட நாள் அது. ஆனால், அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மவர் இழந்த வாய்ப்பை யார் திருப்பிக் கொடுத்தனர்?

அதே காலத்திலே தமிழகம் வேறொரு கணக்கை எழுதியது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது, எஸ்.முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு பதவி நிரப்பினால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1. ஒடுக்கப்பட்டோர்க்கு ஒன்று மட்டுந்தானா என்று இன்று கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்க முடிகிறதே, அது எதனால்? எழுதி வைத்ததால்! கண்ணுக்குத் தெரிகிற கணக்கோடு மக்கள் வாதாடலாம், போராடலாம், திருத்தலாம். இராபர்ட்சின் மனத்துக்குள் இருந்த கணக்கோடு எப்படி வாதாடுவது?

இனிப் பொறியின் கதைக்கு வருவோம். ஆளுக்கேற்ற வேலையைக் கணிதத்தால் வகுக்கும் கலையே படைப்பாசறையில் வளர்ந்ததுதான். 1947-இல் அமெரிக்க விமானப்படையின் கணித ஆலோசகராகப் பென்டகனில் இருந்த ஜார்ஜ் டான்சிக், 'நேரியல் திட்டமிடல்' என்ற முறைக்கு வழி கண்டார். படையினர் பயிற்சிக்கும் தளவாடத்துக்கும் போடும் திட்டம் எதுவோ, அதுவே அந்தப் பெயரிலே இருக்கும் 'திட்டம்'. 1950-களிலே 'ஆள் ஒதுக்கீட்டுக் கணக்கு' தனி ஆய்வாகவே வளர்ந்தது. பின்னர் அமெரிக்கத் தரைப்படை, 1970-களில் ஒவ்வோர் அதிகாரிக்கும் இரண்டு சிறப்புத்துறை என்று வகுத்தது. 1980-களில் அதை மாற்றியது. 1997-இல் மீண்டும் மாற்றியது. ஒரு மனிதன் வாழ்நாளிலே மூன்று கணக்கு!

ஆனால், நான் சொல்ல வந்தது வேறு. அங்கே வெஸ்ட் பாயிண்ட் என்ற இடத்திலே படைத்துறைக் கல்லூரி இருக்கிறது. 2006-இல் பட்டம் பெற்ற வகுப்பு தொடங்கி, அங்கே ஒரு புதுமுறை வந்தது. "விரும்பிய பிரிவு வேண்டுமா? மூன்று ஆண்டு கூடுதலாகப் பணியாற்ற ஒப்புக்கொள், உனக்கு முன்னுரிமை தருகிறோம்" என்றனர். கணிப்பொறி அந்தக் கணக்கைப் போட்டது. தவறில்லாமல்தான் போட்டது! 2013-இல் சோன்மெஸ், சுவிட்சர் என்ற இரண்டு ஆய்வாளர் அந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, அதிலே உள்ள ஓட்டைகளைக் காட்டினர். தரவரிசையிலே கீழே இறங்கினால் சிலருக்கு நன்மை கிடைக்கும். நன்றாகப் படித்தவன் நட்டப்படுவான். கூடுதல் ஆண்டு கொடுக்காமலே கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு ஒருவன் மூன்று ஆண்டைக் கொடுத்துவிடுவான். பொறியிலே பழுதில்லை, பொறிக்குச் சொல்லிக் கொடுத்த விதியிலே பழுது.

எப்படித் திருத்தினர்? 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலே விடை இருந்தது. ஒவ்வொரு மாணவனும் தன் விருப்பங்களை வரிசையாக எழுதித் தருகிறான். முதல் விருப்பத்துக்கு விண்ணப்பம் போகிறது. அந்தப் பிரிவு, வந்தவர்களில் தன் தரவரிசைப்படி மேலானவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது, மற்றவரை அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்டவன் இரண்டாம் விருப்பத்துக்குப் போகிறான். அங்கே இவனைவிடக் கீழானவன் நின்றுகொண்டிருந்தால், அவன் வெளியேறி இவன் நிற்பான். இப்படியே சுற்றிச் சுற்றி, இனி அசைய ஆளில்லை என்கிறபோதுதான் முடிவு உறுதியாகிறது. இதன் சிறப்பு என்ன? பொய் சொல்லி நன்மை பெற முடியாது. மனத்திலே இருப்பதை அப்படியே எழுதுவதுதான் மாணவனுக்கு நல்லது. இந்தக் கணக்கின் பயனுக்காகவே ஷாப்லிக்கு 2012-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாட்டிலே ஐ.ஐ.டி. இடங்களுக்கும் 2015 முதல் இக்குடும்பத்தைச் சேர்ந்த முறையையே கையாளுகின்றனர். வெஸ்ட் பாயிண்டிலும், 2021-இல் பட்டம் பெற்ற வகுப்பு முதல், கூடுதல் ஆண்டு ஏற்பாட்டுக்கும் பொருந்துமாறு இந்த முறையை விரித்துப் புகுத்தினர். அந்தச் சீர்திருத்தத்தின் உள் விவரம் முழுவதையும் இராணுவத்தின் துணையோடே ஆய்வேட்டில் அச்சிட்டனர். உலகத்திலேயே பெரிய படைச்செலவு செய்யும் நாடு, தன் அதிகாரிகளை எப்படிப் பிரிக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிற்று. அதனாலே அந்த நாட்டின் கோட்டை எதுவும் இடிந்துவிடவில்லை. "பாதுகாப்பு இரகசியம்" என்று இங்கே உதட்டிலே விரல் வைப்போர் இதற்கு என்ன சொல்வர்?

இங்கேயும் எண்கள் வந்துவிட்டன. பதவி உயர்வுத் தேர்வுக்கு அதிகாரிகளின் பணிக்குறிப்பை மதிப்பெண்ணாக மாற்றி, நூற்றுக்கு 95 மதிப்பெண் கணக்கின் மூலமும், மீதி 5 மட்டும் தேர்வுக் குழுவின் மதிப்பீட்டின் மூலமும் வழங்கும் முறை, 2009-ஐ ஒட்டி இராணுவத்தில் வந்தது. ஆள் யார் என்பதை மறைத்து வைத்தே குழுவின் முன் தாள் போகிறது. இதை நான் குறை கூறமாட்டேன், வரவேற்கிறேன். மாமன் மச்சான் பரிந்துரையும், மது விருந்திலே கிடைத்த நட்பும் 95 மதிப்பெண்ணுக்குள்ளே நுழைய முடியாதென்றால் நல்லதுதானே! ஆனால், அந்த 95-க்கு எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மந்தண அறிக்கையிலிருந்து வருகிறது. கிணற்றிலே உப்பு இருந்தால், நீரிறைக்கும் பொறி புதிதாக இருந்து என்ன பயன்?

இது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. 2020 பிப்ரவரி 17-இல், பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணின் உடலமைப்பைக் காரணம் காட்டி அரசு வைத்த வாதத்தை நீதிபதிகள் தள்ளினர். உடனே இராணுவம் ஒரு தேர்வுக்குழுவைக் கூட்டி, எண்களைக் கூட்டிக் கழித்து, பலரைத் தகுதியற்றவர் என்றது. கணக்கு சரியாகத்தானே போட்டோம் என்றது. மீண்டும் வழக்கு. 2021 மார்ச் 25-இல் வந்த நிதிஷா வழக்குத் தீர்ப்பு, அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டுக் காட்டியது. ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ எழுதிய அறிக்கையோடு நிறுத்திக்கொண்டு, பின்னாளில் அப்பெண்கள் பெற்ற விருதுகளையும் சாதனைகளையும் எண்ணாமல் விட்டிருந்தனர். அந்த அறிக்கைகள் எழுதப்பட்ட காலத்திலோ, "இவளுக்கு நிரந்தரப் பணியே கிடையாது, எப்படி எழுதினால் என்ன?" என்ற நினைப்பிலே அவை எழுதப்பட்டிருந்தன. ஆணுக்கு இருபத்தைந்து, முப்பது வயதிலே வைத்த உடற்தகுதிச் சோதனையைப் பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டிய வயதிலே வைத்தனர். போதாததற்கு, அதே ஆண்டு அணியில் தேறிய ஆண்களில் கடைசியாக நின்றவரின் மதிப்பெண்ணை இவர்களுக்கு எல்லைக்கோடாக வைத்தனர். பார்வைக்கு எல்லாருக்கும் ஒரே விதி. பலனோ பெண்ணுக்கு மட்டும் கதவடைப்பு! இதை 'மறைமுகப் பாகுபாடு' என்று நீதிமன்றம் பெயரிட்டது.

கவனியுங்கள்: இதிலே எந்த அதிகாரியும் "பெண்ணே, வெளியே போ" என்று சொல்லவில்லை. எண் சொல்லிற்று. எண்ணுக்கு முகம் இல்லை. ஆகையால் அதன்மேல் சினம் கொள்ளவும் ஆளில்லை. இராபர்ட்சை எதிர்த்துப் பேசலாம், அவன் சிலையைப் பார்த்துக் கைநீட்டலாம். கூட்டல் கழித்தலைப் பார்த்து யார் கைநீட்டுவது? அந்தப் பெண்கள் நீட்டினர். அவர்கள் நீதிமன்றம் சென்று ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கேட்டிராவிட்டால், அந்தக் கணக்கு இன்றும் 'தகுதி' என்ற பெயரிலே உலவிக்கொண்டிருக்கும். 'தகுதி' என்ற சொல்லைத் தமிழ்நாட்டவர் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மருத்துவக் கல்லூரி வாயிலிலே கேட்டோம். பொறியியல் நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தபோது கேட்டோம். இப்போது பாசறை வாயிலிலும் கேட்கிறோம்.

"படையிலே விவாதம் கூடாது, ஆணையிட்டால் கீழ்ப்படிய வேண்டும்" என்பது வழக்கமான மறுமொழி. எதிரி சுடும்போது விவாதம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறோம். புதுடில்லி அலுவலகத்திலே அமர்ந்து, ஆயிரக்கணக்கான அதிகாரிகளின் இருபதாண்டு வாழ்வுக்கு விதி எழுதும்போது எவன் சுடுகிறான்?

வாயிலைக் குறித்தும் ஒரு சொல். கணக்கு எங்கே தொடங்குகிறது? பிரிவு ஒதுக்கும் நாளிலே அன்று. தேர்வுத் தாள் கொடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்விலும், பட்டதாரிகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்விலும் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. கான்பூர் இளைஞன் பொது அறிவு வினாவைத் தாய்மொழியிலே படிக்கிறான், குன்றத்தூர் இளைஞன் அயல்மொழியிலே படிக்கிறான், பிறகு இருவர் மதிப்பெண்ணையும் ஒரே பொறியிலே போட்டு, "யார் தகுதியானவன்?" என்று கேட்கின்றனர். முடியாத காரியமா இது? 2023 ஏப்ரலில், மத்திய ஆயுதக் காவற்படைத் தேர்வு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதை எதிர்த்து அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய உள்துறைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்திலே, தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. 2024 பிப்ரவரியிலே அப்படியே நடந்தது. காவலருக்கு முடிந்தது அதிகாரிக்கு முடியாதா? துப்பாக்கி பிடிப்பவனுக்குத் தமிழ் போதும். ஆணையிடுபவனுக்குத் தமிழ் ஆகாது என்று எந்தப் பொறி சொல்லிற்று?

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை இவை. பரங்கிமலையிலும் டேராடூனிலும் பிரிவு ஒதுக்கும் விதியை முழுமையாக அச்சிட்டு வெளியிடுங்கள். தந்தை வழியிலே கோரிப் பெறும் இடங்கள் ஆண்டுக்கு எத்தனை என்று கூறுங்கள். தந்தை நெசவாளியாயிருந்தால் அந்தப் பிள்ளை எதைக் கோருவான் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். பதவிகளைப் பகிரும் கணக்கை மாற்றினால், மாற்றத்துக்குப் பின் சேர்ந்தவர்க்கே அது பொருந்தும் என்று விதி செய்யுங்கள். ஒருவருக்கு விருப்பமான பிரிவு கிடைக்கவில்லையென்றால், எந்த மதிப்பெண்ணால் கிடைக்கவில்லை என்பதை அவருக்கு எழுதிக் கொடுங்கள். கிண்டியிலே கல்லூரி இடம் தேடி வந்த பிள்ளைகளுக்குத் திரையிலே காட்டியதைவிட இது ஒன்றும் அதிகமில்லை.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பட்டதாரிகளுக்கான அத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பரங்கிமலை அகாதெமிக்கு விண்ணப்பிப்போர்க்குக் கணக்குத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். கலைக்கல்லூரியில் படித்த பெண்ணும் எழுதலாம். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? குன்றத்தூரிலும் மாங்காட்டிலும் அனகாபுத்தூரிலும் உள்ள நம் படிப்பகங்களில், அறிவிப்பு வெளிவரும் வாரத்திலேயே அதை வெட்டி ஒட்டுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த தோழர் ஒருவர் மாலையிலே அங்கே அமரட்டும். தேறிப் பரங்கிமலைக்குப் போகிற பெண்ணிடம், விருப்பப் பட்டியலைப் பிறர் சொற்கேட்டு நிரப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். 2023 ஏப்ரல் 29-இல் அதே திடலிலிருந்து ஐந்து பெண்கள் முதன்முதலாகப் பீரங்கிப் படைக்கு அதிகாரிகளாகப் போயினர். அந்தப் பெயரும் இப்போது அவளுடைய பட்டியலில் இருக்கிறது.